வீட்டுக் குழாயும் கடைக்கோடி வீடும்

திருப்பூர் வட்டாரத்து மக்களுக்குக் குடிநீரின் அருமையை எடுத்துரைக்க வேண்டுவதில்லை. நொய்யலாற்றின் கரையில் வாழ்ந்தும் அதன் நீரை வாயில் வைக்க இயலாத நிலை நமக்கு நேர்ந்தது. சாயக் கழிவு கலந்த நீர் 1992-ல் கட்டி முடிக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கி, சுற்றியுள்ள கிணறுகளையும் கெடுத்தது. 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடுமாறு உத்தரவிட்ட செய்தியை உழவர் எவரும் மறந்திருக்கமாட்டார்கள். ஆழ்குழாய்க் கிணற்று நீரோ பல ஊர்களில் உப்பும் கடினமும் மிகுந்தது. ஆகவேதான் பவானி ஆற்றிலிருந்தும் காவிரியிலிருந்தும் பல மைல் தொலைவுக்குக் குழாய் பதித்து, நீரை ஏற்றி, சுத்திகரித்து நம் ஊர்களுக்குக் கொண்டுவர நேரிட்டது. இத்தனை செலவும் உழைப்பும் செய்து கொணரப்படும் நீர், வீட்டு வாயிலில் ஒரு சிறு ரப்பர் வாஷரைத் தாண்டித்தான் நம் குடத்துக்குள் வருகிறது. அந்த வாஷரைப் பற்றியே இக்கட்டுரையில் எழுத முற்படுகிறோம்.

இதனை எழுதத் தூண்டியது நம்முடைய ஒரு பிழை என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நேர்மையாகும். நமது வட்டாரத்து ஊராட்சி ஒன்றில் கிராமசபை நடைபெற்றபோது, ஊரின் கடைக்கோடித் தெருவைச் சேர்ந்த மூதாட்டி ஒருவர் எழுந்து, தம் வீட்டுக் குழாயில் மூன்று குடத்துக்கு மேல் நீர் வருவதில்லை என்று முறையிட்டார். நீர் போதவில்லை; ஆகவே புதியதாக ஓர் ஆழ்குழாய்க் கிணறு வேண்டும் என்று மன்றத்தார் கூறினர். அதுவே சரியெனக் கொண்டு, மதிப்பீடு தயாரிக்குமாறு நாமும் பணித்துவிட்டோம். கூட்டம் கலைந்தபின் மேல்நிலைத் தொட்டியை இயக்கும் பணியாளர் நம்மருகே வந்து, "ஐயா, தண்ணி விடற நேரத்துல ஒருநாள் வந்து பாருங்க. தொட்டி நெறஞ்சுதானுங்க எறங்குது" என்றார். மறுவாரம் விடியற்காலையில் அவருடன் அந்தத் தெருக்களில் நடந்தோம்.

தொட்டிக்கு அண்மையிலுள்ள வீடுகளில் நிமிடத்துக்கு ஒரு குடம் எளிதில் நிறைந்தது. சில வீடுகளில் குழாயை மூடியபின்னும் விரற்கடை அளவு நீர் ஓடிக்கொண்டே இருந்தது. ஒரு வீட்டில் குழாயின் தலையே இல்லை. துணியைச் சுருட்டி அடைத்திருந்தார்கள். வேறொரு வீட்டில் கணவனும் மனைவியும் பனியன் கம்பெனிக்குச் சென்றுவிட்டனர். நீர் எப்பொழுது வந்தாலும் பிடித்துக்கொள்ளட்டும் என்று குழாயைத் திறந்து வைத்து, கீழே ஒரு டிரம்மையும் வைத்துப் போயிருந்தார்கள். டிரம் நிரம்பி வழிந்து சாக்கடையில் சேர்ந்துகொண்டிருந்தது. இவ்வாறு தெருத்தெருவாகக் கடந்து மூதாட்டியின் வீட்டை அடைந்தபொழுது, அங்கே குழாயில் நூலிழை போல நீர் இறங்கிக்கொண்டிருந்தது. மதிப்பீட்டுக்குப் பணித்த நமக்கு அங்கே நிற்கவே கூச்சமாக இருந்தது.

இதன் காரணம் எளிது. பத்து மீட்டர் உயரத்தில் நிற்கும் தொட்டி நீர், கீழே ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு கிலோ அளவு அழுத்தமே தரும். அந்த அழுத்தத்தைத்தான் ஊரிலுள்ள எல்லாக் குழாய்களும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். வழியில் மூடாத குழாய் ஒவ்வொன்றும் ஒரு பங்கை எடுத்துக்கொண்டபின் மிஞ்சுவதே கடைசி வீட்டுக்கு. வாய்க்காலில் தலைமடைக்காரர் மடையை அடைக்காவிட்டால் கடைமடை காயும் என்பதை உழவர்களாகிய உங்களுக்கு நாம் சொல்லித்தர வேண்டியதில்லை. குழாயும் ஒரு மடைதான். வீட்டுக்குள் இருப்பதால் எவர் கண்ணிலும் படுவதில்லை, அவ்வளவே.

சொட்டு நீர் எவ்வளவு வீணாகும் என்பதை ஒவ்வொருவரும் தம் வீட்டிலேயே அளந்து பார்க்கலாம். மாடியில் தொட்டி வைத்துள்ள வீட்டில், சொட்டும் குழாயின் கீழ் 200 மில்லிலிட்டர் பிடிக்கும் ஒரு டம்ளரை வையுங்கள். அது நிறையப் பத்து நிமிடம் ஆகிறதென்று கொள்வோம். ஒரு மணிக்கு ஆறு டம்ளர். நாளொன்றுக்கு 144 டம்ளர். அதாவது ஏறத்தாழ 29 லிட்டர். ஆண்டுக்குப் பத்தாயிரம் லிட்டரைத் தாண்டிவிடும். 2019-ல் தொடங்கப்பட்ட ஜல் ஜீவன் திட்டம் ஊரகத்தில் ஒருவருக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் நீர் வழங்குவதை அளவாகக் கொண்டது. எனவே பார்வைக்கு அற்பமாகத் தோன்றும் இச்சொட்டு, ஒருவருடைய பங்கில் பாதிக்கு மேல் குடித்துவிடுகிறது.

இனிக் குழாயின் உள்ளமைப்பைக் காண்போம். நம் வீடுகளில் பெரும்பாலும் உள்ளது திருகி மூடும் வகை. இங்கிலாந்தின் ராதர்ஹாம் நகரத்துப் பித்தளை வார்ப்படச் சாலையொன்று 1845-ல் இவ்வகைக்குக் காப்புரிமை பெற்றது. உட்கருத்து அன்றுபோலவே இன்றும் உள்ளது. கீழேயிருந்து நீர் ஒரு வட்டத் துளையின் வழியே மேலெழுகிறது. அத்துளையின் பித்தளை விளிம்பை மெக்கானிக்குகள் 'சீட்' என்பர். மேலேயுள்ள கைப்பிடியைத் திருகினால் மரையிட்ட தண்டு கீழிறங்கி, தன் நுனியிலுள்ள வாஷரை அந்த விளிம்பின்மேல் அழுத்துகிறது; துளை அடைபடுகிறது. தண்டு வெளிவரும் இடத்தில் நீர் கசியாதிருக்க, 'கிளாண்டு' என்னும் சிறு நட்டினுள் நூலோ ரப்பர் வளையமோ சுற்றி வைக்கப்பட்டிருக்கும். அந்தக் காலத்து வாஷர்கள் தோலாலானவை. கவலை இறைத்த காலத்தில் சாலின் தோல்வாலில் ஓர் ஓட்டை விழுந்தால் நம் பாட்டன்மார் அன்று மாலையே தைக்கச் செய்வார்களாம். அந்தக் கருத்து இன்று குழாய் விஷயத்தில் இல்லாமற்போனது ஏனென்று நமக்கு விளங்கவில்லை.

மூடியபின் வாய்வழியே சொட்டினால் பழுது வாஷரில் அல்லது சீட்டில். திறந்திருக்கும்போது கைப்பிடியின் அடியில் கசிந்தால் பழுது கிளாண்டில். இவ்விரண்டையும் பிரித்தறிந்துகொண்டால் பாதி வேலை முடிந்ததுபோலவே.

வாஷர் மாற்ற வேண்டியவை ஒரு திருகு ஸ்பானர், ஒரு குறடு, புதிய வாஷர், சிறிது கந்தல் துணி. கடைசியாகச் சொன்னதற்கு நம் ஊரில் பஞ்சமில்லை. பனியன் கழிவுத் துணி எந்த வீட்டிலும் இருக்கும். தொட்டியுள்ள வீட்டில் முதலில் தொட்டியின் வால்வை மூடவேண்டும். ஊராட்சிக் குழாய் நேராக வரும் வீட்டில் வால்வு இராது. நீர் விடாத நேரத்தில் வேலையைச் செய்துகொள்ள வேண்டியதுதான்; அத்தகைய நேரம் நம் ஊர்களில் தாராளமாகவே உண்டு. பிறகு குழாயை முழுதும் திறந்து, உள்ளே தங்கிய நீரை வடியவிடுக. தலைப்பகுதியைக் குழாயுடன் இணைக்கும் பெரிய நட்டின்மேல் துணியைச் சுற்றி, ஸ்பானரால் இடப்புறமாகத் திருகிக் கழற்றுக. அவ்வாறு செய்கையில் மற்றொரு கையால் குழாயின் உடலைக் குறடு கொண்டு அசையாமற் பற்றியிருப்பது இன்றியமையாதது. அதனை மறந்தவர்கள் பலர், சுவரினுள்ளிருக்கும் பி.வி.சி. குழாயை முறித்துவிட்டு, ஐந்து நிமிட வேலைக்காகச் சுவரை உடைக்க நேர்ந்திருக்கிறது.

தலை கழன்றதும் நுனியில் பழைய வாஷர் தெரியும். அது குழிந்தோ கல்லைப்போல் இறுகியோ இருக்கும். அதனைப் பெயர்த்தெடுத்துக் கடைக்குக் கொண்டுசென்று அதே அளவில் வாங்குவதே நலம். கண்ணளவில் வாங்கினால் பெரும்பாலும் பொருந்தாது. பழைய சைக்கிள் டியூப்பை வெட்டிப் போடும் வழக்கம் சில ஊர்களில் உண்டு. அது மிக மென்மையானது. விரைவில் அறுபட்டுத் துணுக்குகள் குடிநீரில் கலக்கும். வாஷரின் விலை சில ரூபாயே ஆகும்போது இச்சிக்கனம் தேவையற்றது.

புதிய வாஷரைப் பொருத்துமுன் சீட்டின் விளிம்பை விரலால் தடவிப் பார்க்கவேண்டும். வழவழப்பாக இருந்தால் கவலையில்லை. பள்ளமோ பிசிறோ தட்டுப்பட்டால் புதிய வாஷரும் ஒரு மாதத்தில் அறுந்துபோகும். சீட்டைச் சீவிச் சமன்செய்ய ஒரு கருவி உண்டு. அது மெக்கானிக்கிடம் இருக்கும். சீட் பழுதாவது எதனால்? பெரும்பாலும் நம்முடைய கைவலிமையினால்தான். சொட்டு விழத் தொடங்கியதும் வாஷரை மாற்றாமல், வீட்டிலுள்ள இளைஞரைக் கூப்பிட்டு இறுக்கித் திருகச் சொல்கிறோம். தேய்ந்த வாஷரைக் கடந்து பித்தளையோடு பித்தளை உராய்கிறது. பின்பு முழுக்குழாயையும் மாற்றுவது தவிர வேறு வழியில்லாமற் போகிறது. குழாயை மூட இரண்டு விரல் போதவில்லையென்றால் வாஷர் போய்விட்டதென்று அறிக.

நமது நீரின் கடினத்தன்மை காரணமாக, தண்டிலும் தலையிலும் சுண்ணாம்பைப்போல் வெண்மையான படிவு ஒட்டியிருக்கும். மரையில் அது படிந்தால் கைப்பிடி திருகவே வராது. உளியால் கொத்த வேண்டாம். பித்தளைக் குடத்தைத் துலக்கும் புளியே இதற்கும் மருந்து. கெட்டியான புளிக்கரைசலில் அரைமணி நேரம் ஊறவைத்துப் பழைய பல்துலக்கியால் தேய்த்தால் படிவு கரைந்துவிடும். வெள்ளிபோல் மினுக்கும் முலாம் பூசிய குழாயாயின் அதிக நேரம் ஊறவிடலாகாது; முலாம் மங்கும்.

கிளாண்டில் கசிவு இருந்தால் முதலில் அந்தச் சிறு நட்டைக் கால் சுற்று மட்டும் இறுக்கிப் பாருங்கள். அப்பொழுதும் நில்லாவிடில் நட்டை மேலே தூக்கி, டெஃப்லான் நாடாவை நூல்போல் முறுக்கித் தண்டைச் சுற்றி நான்கைந்து சுற்றுகள் அமுக்கி வைத்து மறுபடியும் மூடுக. முன்னாளில் இதற்குப் பருத்தி நூலில் கொழுப்பைத் தடவிச் சுற்றினர். நூலுக்குப் பெயர்போன ஊரில் நாடாவைச் சிபாரிசு செய்வது வேடிக்கைதான். ஆயினும் நூல் ஊறி மக்குவதுபோல் நாடா மக்குவதில்லை.

முழுக்குழாயையும் மாற்ற நேர்ந்தால் பழைய குழாயை இடப்புறம் திருகிக் கழற்றி, மரையில் ஒட்டிய பழைய நாடாவையும் சணலையும் சுத்தம் செய்க. புதிய குழாயின் மரைவாயை நம்மை நோக்கிப் பிடித்து, கடிகார முள் செல்லும் திசையில் டெஃப்லான் நாடாவைப் பத்துச் சுற்றளவு இழுத்துச் சுற்றவேண்டும். எதிர்த்திசையில் சுற்றினால் குழாயைத் திருகும்போது நாடா உரிந்து வந்துவிடும். முதலில் கையாலேயே திருகி ஏற்றி, இறுதியில் மட்டும் ஸ்பானரைப் பயன்படுத்துக. பித்தளைக் குழாயை வெறும் பிளாஸ்டிக் எல்போவில் இறுக்கினால் எல்போ பிளக்கும். பித்தளை உள்மரை பதித்த எல்போ கடைகளில் கிடைக்கிறது. அதனையே வாங்குதல் வேண்டும்.

எவ்வகைக் குழாய் வாங்கலாம் என்று நம்மிடம் பலர் கேட்கின்றனர். கால் சுற்றில் மூடும் பீங்கான் வட்டுக் குழாய்கள் இப்பொழுது பரவலாக வந்துள்ளன. கைக்கு எளியவை, முதியோருக்கு உகந்தவை. ஆனால் ஆழ்குழாய் நீரில் வரும் மணல் அவ்வட்டுகளைக் கீறிவிடும். கீறியபின் அதே வகை உள்பாகம் முழுதும் கிடைத்தால்தான் உண்டு. மணல் கலந்த நீர் வரும் ஊரில் பழைய திருகு குழாயே நமக்கு மேலாகத் தோன்றுகிறது. அதன் வாஷர் எந்தச் சந்தைக் கடையிலும் கிடைக்கும். எதை வாங்கினும் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ்.ஐ. முத்திரையைப் பார்த்து வாங்குவது நலம். தெருக்குழாய்க்குப் பித்தளை வைத்தால் இரவோடிரவாகப் பழைய இரும்புக் கடைக்குப் போய்விடுகிறது என்பது ஊராட்சிகளின் துயரம். அதனால் பிளாஸ்டிக் வைக்கிறார்கள். வெயிலில் அது நாளடைவில் மொறுமொறுத்து உடைகிறது. இதற்கு முழுத்தீர்வு நம்மிடம் இல்லை. உதிரிக் குழாய்களைக் கையிருப்பில் வைத்து உடைந்த அன்றே மாற்றுவதுதான் இதுவரை கண்ட வழி.

நீர் வீணாவதைக் காட்டிலும் அஞ்சத்தக்க தீங்கு ஒன்றுண்டு. அழுத்தம் குறைந்த தெருக்களில், குழாயைத் தாழ்த்திப் பள்ளம் தோண்டி அதனுள் குடத்தை வைத்து நீர் பிடிக்கிறார்கள். பள்ளத்தில் கழிவுநீர் தேங்குகிறது. நீர் விடுவது நின்றதும் குழாயினுள் வெற்றிடம் உண்டாகி, மூடாத அல்லது வாஷரற்ற குழாயின் வாய் அந்தப் பள்ளத்து நீரை உறிஞ்சிக்கொள்கிறது. எவரேனும் மின்மோட்டாரை நேரடியாக இணைத்து இழுத்தாலும் இவ்வாறே நேரும். மறுநாள் முதலில் நீர் பிடிக்கும் வீட்டார் அதனைப் பருகுகின்றனர். வயிற்றுப்போக்கும் டைஃபாய்டும் மஞ்சட்காமாலையும் பரவும் வழிகளில் இதுவும் ஒன்று. இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய தீமையன்று. 1933-ல் அமெரிக்காவின் சிகாகோ நகரில் உலகக் கண்காட்சி நடந்தபோது, இரண்டு பெரிய விடுதிகளில் குழாய்ப் பிழையினால் கழிவுநீர் குடிநீரிற் கலந்து, அமீபா வயிற்றுக்கடுப்பு பரவி 98 பேர் மாண்டனர். குழாயின் வாய் எப்பொழுதும் பாத்திரத்தின் விளிம்புக்கு மேலேயே நிற்கவேண்டும்; பள்ளங்களை ஊராட்சி மூடவேண்டும். பள்ளத்தை மட்டும் மூடி அழுத்தத்தைச் சீர்செய்யாமல் விட்டால் மக்கள் மீண்டும் தோண்டுவர் என்பதையும் மறக்கலாகாது.

திருப்பூரைச் சுற்றியுள்ள ஊர்களுக்கே உரிய சிக்கல்கள் இரண்டு. முதலாவது, லைன் வீடுகள். பத்து அறைகளுக்கு ஒரே குழாய். குடியிருப்போர் தென்மாவட்டங்களிலிருந்தும் வடநாட்டிலிருந்தும் வேலைக்கு வந்தவர்கள். குழாய் சொட்டினால் அது வீட்டுக்காரர் வேலை என்று குடியிருப்பவர் சொல்வர். குடியிருப்பவர் முறித்தது என்று வீட்டுக்காரர் சொல்வார். குடிநீர் இணைப்பு எவர் பெயரில் உள்ளதோ அவரே பொறுப்பு என்று ஊராட்சி தீர்மானித்து அறிவித்தால் இந்த வழக்கு ஓயும். இரண்டாவது, ஷிப்டு வேலை. இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில் குழாயைத் திறந்துவைக்காதே என்று உபதேசிப்பதில் பயனில்லை. அவர்கள் நீருக்கு வேறென்ன செய்வார்கள்? டிரம்மின் விளிம்பில் ஒரு மிதவை வால்வு பொருத்தினால், நிறைந்ததும் தானே மூடிக்கொள்ளும். இதைவிட, நீர் விடும் நேரத்தை நிலையாக்கி முன்கூட்டியே தெரிவிப்பது ஊராட்சியின் கடமை. நேரம் தெரியாதவர்தாம் குழாயைத் திறந்துவைக்கின்றனர்.

ஊர்க்காரரே செப்பனிடுவது இயலுமா என்று ஐயுறுவோருக்கு நம் மண்ணிலேயே ஒரு முன்னுதாரணம் உண்டு. 1980களில் கோவை மாவட்டத்தில் 'இந்தியா மார்க் 2' கைப்பம்புகளை ஆராயும் சோதனை நடைபெற்றது. 2009-ல் திருப்பூர் தனி மாவட்டமானபோது அதன் பெரும்பகுதி கோவை மாவட்டத்திலிருந்து பிரிந்து வந்ததே. பம்பினுள்ளிருந்த தோல் வாஷர் அடிக்கடி தேய்வதால் பழுது மிகுவதையும், நைட்ரைல் ரப்பர் வாஷர் நெடுநாள் உழைப்பதையும் அச்சோதனை காட்டியது. வாஷரை மாற்ற முழுக்குழாயையும் வெளியே இழுக்க வேண்டிய அமைப்பையும் மாற்றி, கிராம மெக்கானிக் சில கருவிகளுடன் செய்யக்கூடியதாக 'மார்க் 3' பம்பு உருவாயிற்று. ஊரிலேயே வாஷரும் அதை மாற்றத் தெரிந்த கையும் இருந்தால் பம்பு நெடுநாள் நிற்காது என்னும் அந்தப் பாடம் வீட்டுக்குழாய்க்கும் அப்படியே பொருந்தும்.

ஆகவே நாம் மன்றங்களுக்குக் கூறுவது இது: ஊராட்சி அலுவலகத்தில் ஒரு பெட்டி இருக்கட்டும். அதில் அரை அங்குல வாஷர்கள், டெஃப்லான் நாடா, இரண்டு ஸ்பானர், ஒரு சீட் சீவும் கருவி, சில உதிரிக் குழாய்கள் போதும். தொட்டி இயக்குபவருக்கும் மகளிர் குழுவினர் இருவருக்கும் பயிற்சி அளித்தால் அவர்கள் ஊருக்குச் செய்துகொடுப்பார்கள். பெண்களால் இயலுமா என்று ஒரு கூட்டத்தில் கேட்டார்கள். நாள்தோறும் தையல் இயந்திரத்தைப் பிரித்து எண்ணெயிட்டுப் பூட்டுகிறவர்களுக்கு ஒரு குழாய்த் தலையா பெரிது? மார்ச் 22 உலக நீர் நாளன்று நடக்கும் கிராமசபையில், எத்தனை இணைப்புகள் தரப்பட்டன என்பதோடு, எத்தனை குழாய்கள் சரியாக மூடுகின்றன என்பதையும் படிக்கச் செய்யுங்கள்.

மேலே சொன்ன ஊராட்சியில் ஆழ்குழாய்க் கிணற்று மதிப்பீட்டை நிறுத்திவைத்தோம். தொட்டி இயக்குபவரும் பயிற்சி பெற்ற இரு பெண்களும் வீடுவீடாகச் சென்று வாஷர்களை மாற்றினர். இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் வேலை முடிந்தது. மறுமாதம் நாம் சென்றபோது மூதாட்டியின் வீட்டில் ஏழு குடங்கள் வரிசையாக நிறைந்திருந்தன. அவர் நன்றி ஏதும் கூறவில்லை. எதிர்வீட்டைச் சுட்டிக்காட்டி, "அங்க மோட்டார் போட்டு உறிஞ்சறாங்களே, அதுக்கு எப்ப வர்றீங்க?" என்று கேட்டார். அந்த வீடு மன்ற உறுப்பினர் ஒருவருடையது. மோட்டாரை அகற்றுமாறு ஓர் அறிவிப்பு அனுப்பியிருக்கிறோம். பதில் இன்னும் வரவில்லை.